மறு: ‘ஸ்காஃபோல்டிங்’ — சாரமா, சாரக்கட்டா, முட்டா?

குழுவினருக்கு வணக்கம்.

கற்பவர் தானாகச் செய்யும்வரை மட்டும், தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்து ஆசிரியர் தரும் தற்காலிக உதவிக்குக் கல்வியியலில் ‘ஸ்காஃபோல்டிங்’ என்று பெயர்; கட்டிட வேலைக்குக் கட்டும் சாரத்திலிருந்து வந்த உருவகம். அந்த ஒற்றைச் சொல்லுக்குத் தமிழ் தேடித் தொடங்கிய இந்த இழை, தனித்தமிழ் வேண்டுமா வேண்டாமா என்ற பழைய சந்துக்குள் போய்விட்டது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் பயிற்சி நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தங்கைக்கு அந்த அத்தியாயம் இன்னும் முடியாமல் கிடக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள்: சாரம், சாரக்கட்டு, முட்டு, கொழுகொம்பு, நடைவண்டி, கற்றல் உதவி. எல்லாவற்றையும் அகராதியை வைத்தே எடைபோடுகிறோம். இந்தச் சொல் கல்வியியலுக்குள் நுழைந்த கட்டுரையை வைத்து எடைபோட்டால் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

அந்தக் கட்டுரை 1976இல் வந்தது. எழுதியவர்கள் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் டேவிட் வுட், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜெரோம் புரூனர், ஹார்வர்டின் கெயில் ராஸ். சிக்கல் தீர்ப்பதில் தனிப்பயிற்றலின் பங்கு என்பதுதான் தலைப்பு. நாம் அடித்துக்கொள்ளும் சொல் தலைப்பில் இல்லை, கட்டுரைக்குள்தான் வருகிறது. 3, 4, 5 வயதுக் குழந்தைகள், வயதுக்குப் பத்துப் பேராக 30 பேர். ஒவ்வொருவராக உட்காரவைத்து 21 மரக்கட்டைகளால் ஒரு பிரமிடு கட்டச் சொன்னார்கள். சும்மா அடுக்கினால் ஆகாது. இரண்டு கட்டைகளை முளையும் துளையுமாகப் பொருத்தினால் ஒரு ஜோடி, இரண்டு ஜோடிகளைச் சேர்த்தால் ஒரு தட்டு. அப்படி ஐந்து தட்டுகள், உச்சியில் ஒற்றைக் கட்டை.

பயிற்றுநராக இருந்தவர் ராஸ். முதல் ஐந்து நிமிடம் குழந்தை இஷ்டம்போல விளையாடலாம். பிறகு சின்னக் கட்டைகள் இரண்டை எடுத்து இணைத்துக் காட்டுவார். குழந்தையே தற்செயலாக ஒரு ஜோடியைச் சேர்த்திருந்தால் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வார். அதற்குமேல் அவருக்கு இருந்த விதி ஒன்றுதான்: குழந்தை தானாகச் செய்யக்கூடியதை அதுவே செய்யட்டும், முதலில் வாயால் சொல், அது எடுபடாவிட்டால் மட்டும் கையை நீட்டு.

நடந்தது என்ன? மூன்று வயதுக்காரர்கள் பலர் அவர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர்களை வேலைக்குள் இழுத்துவைத்திருப்பதே பெரும்பாடு. செய்துதான் காட்ட வேண்டியிருந்தது. நான்கு வயதுக்காரர்களை வாய்ச்சொல்லால் நகர்த்த முடிந்தது. ஐந்து வயதுக்காரர்களுக்கோ, கட்டியது சரிதானா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும். இன்னொன்றையும் கவனித்தார்கள். எது சரியான கட்டுமானம் என்று அடையாளம் காண்பதில் மூன்று வயதுக் குழந்தை நான்கு வயதுக்கு இளைத்ததாக இல்லை, ஆனால் கட்டத்தான் வரவில்லை. விடையைப் பார்த்தால் தெரியும், செய்யத் தெரியாது என்ற அந்த இடைவெளியில்தான் பயிற்றுநருக்கு வேலை.

வுட் இதை மேலும் கறாராக்கினார். அவரும் சக ஆய்வாளர் மிடில்டனும் 1975இல் இதே பிரமிடை வைத்துத் தாய்மார்களையும் பிள்ளைகளையும் கவனித்திருந்தார்கள். பொதுவாக ஊக்கிவிடுவது, குறிப்பாகச் சொல்வது, எந்தக் கட்டை என்று காட்டுவது, கட்டையைத் தயாராக எடுத்துக் கொடுப்பது, முழுவதும் செய்து காட்டுவது என உதவிக்கு ஐந்து படிகள் வகுத்தார்கள். குழந்தை தவறினால் ஒரு படி கூட்டு, வென்றால் ஒரு படி குறை. 1978இல் வெவ்வேறு பயிற்றுமுறைகளை ஒப்பிட்ட சோதனையில், இப்படி ஏறி இறங்கிய உதவி பெற்ற பிள்ளைகளே தனியாகக் கட்டுவதில் முந்தினார்கள்.

இனி நம் சொற்களுக்கு வருவோம்.

> ‘கற்றல் உதவி’ என்று போட்டுவிட்டால் எல்லாருக்கும் புரியும். எதற்கு இவ்வளவு சண்டை?

புரியும் ஐயா, ஆனால் வேறொன்று புரியும். நோட்ஸ் கொடுப்பது, ட்யூஷன் எடுப்பது, முக்கிய வினா–விடை விற்பது எல்லாமே கற்றல் உதவிதான். ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கேடு இது. ஆசிரியர் எதைச் செய்தாலும் அதற்கு இந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். தமிழில் தொடக்கத்திலேயே அந்த நீர்த்த பொருளுக்கு ஒரு சொல்லை ஒதுக்குவானேன்?

> கொழுகொம்பு அழகான சொல். பாரி கதையும் கூடவே வரும்.

அழகுதான். ஆனால் கொடிக்கு நட்ட கொம்பைப் பிடுங்கினால் கொடி படுத்துவிடும். பாரியும் தேரைத் திரும்பக் கேட்டதாகக் கதை இல்லை. நாம் பெயர் தேடும் உதவி விலகிக்கொள்ள வேண்டிய உதவி. நடைவண்டி இந்தச் சோதனையில் தேறும், பிள்ளை நடந்ததும் பரணுக்குப் போய்விடும். ஆனால் அது விழப்போகும் பிள்ளைக்கும் ஓடும் பிள்ளைக்கும் ஒன்றே. பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்க அதன் பின்னால் ஆள் இல்லை. தவிர, ‘நடைவண்டியாக்கம்’ என்று ஆய்வேட்டில் எழுதி நேர்காணலில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

முட்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது இணையத்தில் இப்போது என்ன பாடுபடுகிறது என்பது ஊரறிந்தது. ‘ஆசிரியர் மாணவருக்கு முட்டுக்கொடுத்தார்’ என்றால் வகுப்பே சிரிக்கும். ஆனால் என் மறுப்புக்குக் காரணம் அதுவல்ல. கான்கிரீட் தளத்துக்கு முட்டுக் கொடுக்கும்போது அது தாங்குவது தளத்தை. தளம் தன்பாட்டுக்கு இறுகிக்கொண்டு கிடக்கும், வேறு வேலை அதற்கு இல்லை. சாரம் கட்டிடத்தைத் தாங்குவதில்லை. கொத்தனார் ஏறி நிற்கவும் அவர் கை எட்டாத உயரத்தை எட்டவைக்கவும்தான் சாரம். சுவரை எழுப்புவது அவர் கை. முட்டு என்றால் பிள்ளை தளம். சாரம் என்றால் பிள்ளை கொத்தனார். ராஸ் அந்த மேசையில் பிரமிடைக் கட்டிக் கொடுக்கவில்லை, பிள்ளையின் கைக்கு எட்டாததை மட்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். புரூனர் குழு சொன்னதும் அதுதான்: கற்பவரின் திறனுக்கு மிஞ்சிய பகுதியைப் பெரியவர் கட்டுக்குள் வைத்துக்கொண்டால், எட்டும் பகுதியில் கவனம் வைத்துக் கற்பவரே முடித்துவிடுவார்.

இதற்கு ஓர் எதிர்க்கேள்வியும் உண்டு. 1984இல் டென்னிஸ் சேர்ல் என்பவர் ‘யாருடைய கட்டிடத்தை யார் கட்டுகிறார்கள்’ என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார். என்ன கட்ட வேண்டும் என்பதை ஆசிரியர் முன்னமே தீர்மானித்துவிட்டு, பிள்ளை அதற்குள் வந்து விழும்படி கேள்விகளை அடுக்குவதும் இந்தப் பெயரில் நடக்கிறது என்பது அவர் குறை. நியாயமான குறை. பிரமிடு என்று முடிவு செய்தது குழந்தை அல்லவே. சொல் எதுவானாலும் இந்தக் குறை அப்படியே நிற்கும்; அத்தியாயத்தில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லித் தங்கையைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆக என் ஓட்டு சாரத்துக்கு. ஆனால் தனிச் ‘சாரம்’ வகுப்பறைக்கு ஆகாது. ‘பாடத்தின் சாரம்’ என்று ஏற்கெனவே சுருக்கத்துக்கு வழங்குகிறோம். ‘ஆசிரியர் சாரம் தந்தார்’ என்று எழுதினால் பத்து வரியில் எழுதிப் போட்டார் என்றுதான் எவரும் படிப்பார். யாழ்ப்பாணத்து அண்ணன் ஏற்கெனவே எழுதிவிட்டார், அங்கே சாரம் என்றால் இடுப்பில் கட்டுவது. எனவே பெயராகச் ‘சாரக்கட்டு’, வினையாகச் ‘சாரங்கட்டுதல்’.

> வைகாட்ஸ்கியின் கோட்பாட்டுச் சொல் இது. அவருடைய ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்பதோடு ஒட்டும்படி ‘அண்மைத்துணை’ எனலாமே?

பாடநூல்கள் பலவும் இப்படித்தான் எழுதுகின்றன, ஆனால் வரலாறு அப்படி இல்லை. பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட தூரத்தைத்தான் ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்றார் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி. அவர் 1934இல் 37 வயதில் காசநோயில் இறந்தவர். அவருடைய ‘சிந்தனையும் மொழியும்’ 1962இல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் இதே புரூனர்தான். அப்படியிருந்தும் 1976 கட்டுரை வைகாட்ஸ்கியைப் பெயர் சொல்லவில்லை. 1978இல் வைகாட்ஸ்கியின் எழுத்துகள் இன்னொரு தொகுப்பாக வெளிவந்து பரவின. 1979இல் கல்வியாளர் கோர்ட்னி காஸ்டன் 1976 கட்டுரையின் உருவகத்தையும் வைகாட்ஸ்கியின் மண்டலத்தையும் முடிச்சுப் போட்டார். முடிச்சு அவ்வளவு இறுகிவிட்டதால் இப்போது உருவகமே வைகாட்ஸ்கியுடையது என்று தேர்வில் எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும். சொல்லிலும் அந்த முடிச்சைப் போட வேண்டாம் என்கிறேன்.

கட்டுரை போன தூரத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் துணைச்சொற்கள் அங்கேதான் பிறந்தன. 1984இல் பாலின்க்சார், பிரௌன் என்ற ஆய்வாளர்கள் வாசிப்பில் பின்தங்கிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொண்டுபோனார்கள். சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, தெளிவில்லாததைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது என்ற நான்கையும் முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். போகப்போகப் பிள்ளைகளே முறைவைத்து ஆசிரியர் இடத்தில் உட்காருவார்கள். 1989இல் காலின்ஸ் குழுவினர் தொழில் பழகும் பட்டறையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் தங்கள் மாதிரியில் இந்த உதவியையும் அதைப் படிப்படியாக விலக்குவதையும் சேர்த்தார்கள். கணினி வந்த பிறகு, குறிப்புப் பெட்டி காட்டும் மென்பொருள் எல்லாம் இந்தப் பெயரைப் போட்டுக்கொண்டது. ராய் பீ என்ற ஆய்வாளர் 2004இல் அதைத்தான் மறித்தார்: விலகாத உதவிக்கு இந்தப் பெயர் பொருந்தாது, அது கருவியோடு சேர்ந்து வேலை செய்வது, வேறு சங்கதி. 2010இல் வான் டே போல் குழுவினர் வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் அலசி மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள். நிலைக்கேற்ப மாறுவது, மெல்ல விலகுவது, பொறுப்பு கற்பவர் கைக்குப் போவது.

இரண்டாவதான மெல்ல விலகுவதற்கு, ஆங்கிலத்தில் ‘ஃபேடிங்’ என்பதால், ‘மங்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். விளக்கு மங்கலாம், உதவி மங்குவதாகத் தமிழில் சொல்வதில்லை. நம் ஊரில் கட்டிய சாரத்தைப் ‘பிரிப்பார்கள்’. கும்பாபிஷேக வேலை முடியும் தறுவாயில் கோபுரத்தில் அதைப் பார்க்கலாம்: வண்ணம் மேலிருந்து இறங்க இறங்க, பின்னாலேயே சவுக்குக் கட்டைகளை ஒவ்வொரு தட்டாக அவிழ்த்துக்கொண்டு வருவார்கள். ஒரே நாளில் மொத்தத்தையும் உருவுவதில்லை. ‘சாரம் பிரித்தல்’ என்று எழுதினால் படிப்படியாக என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது.

நண்பர்கள் மறுக்கலாம்.

—

> சாரக்கட்டு, சாரங்கட்டுதல், சாரம் பிரித்தல்

அண்ணன், எனக்குச் சம்மதம். சாரக்கட்டு என்றால் இங்கே யாழ்ப்பாணத்தில் ஒருவரும் உடுப்பென்று நினைக்கமாட்டினம். ஆனால் ‘சாரம் பிரித்தல்’ என்று தனியே வந்தால் வகுப்பில் சிரிப்பு நிச்சயம். அதையும் ‘சாரக்கட்டுப் பிரித்தல்’ என்றே முழுதாய்ப் போடுங்கோ. நீளம்தான், மானம் காக்கும். மற்றது, மண்டலத்துக்கு நாங்கள் வலயம் என்போம், வளர்ச்சிக்கு விருத்தி. அடிக்குறிப்பில் இரண்டையும் காட்டினால் எங்கட பிள்ளைகளுக்கும் புத்தகம் உதவும்.

—

ஏற்கிறேன் அண்ணா, ‘சாரக்கட்டுப் பிரித்தல்’ என்றே இருக்கட்டும்.

தங்கைக்கு: 1976 கட்டுரை பயிற்றுநரின் வேலையை ஆறாகப் பிரித்திருக்கிறது. அட்டவணைக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: பணிக்குள் ஈர்த்தல், வழிகளைக் குறைத்தல், இலக்கில் நிறுத்தல், முக்கியக் கூறைச் சுட்டல், செய்து காட்டல். மிச்சமிருக்கும் ஒன்றுதான் உதைக்கிறது. பிள்ளை முடியாமல் எரிச்சல்படும்போது அதைத் தணிப்பது. ‘விரக்தி’ மூன்று வயதுக்கு ரொம்பப் பெரிய சொல், அதைச் சொல்ல ஒரு கடன்காரராவது வேண்டும். ‘சிணுங்கல்’ பொருந்தும், ஆனால் பெரியவர்களுக்குப் பயிற்சி தரும் இடத்தில் இடிக்கும். ‘சலிப்பு’ என்றால் போரடிப்பது என்று படித்துவிடுவார்கள். இந்த வேலையில் ஓர் ஆபத்து இருப்பதாகக் கட்டுரையே எச்சரிக்கிறது: அளவுமீறித் தணித்தால் பிள்ளை பயிற்றுநரையே நம்பிக்கிடக்கத் தொடங்கிவிடும். அந்த நுணுக்கம் போகாமல் ஒரு சொல் வேண்டும். தற்காலிகமாக ‘எரிச்சல் தணித்தல்’ என்று வைத்திருக்கிறேன். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், நீங்கள் இதை என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.