8 ஓம் ஸ்பீக்கரை யூனோ பின்னில் நேரடியாக மாட்டலாமா?

சால்டர்_மணி:
ஒரு தமிழ் வீடியோவில் மாணவர்கள் பழகும் ஆர்டுயினோ யூனோ போர்டின் 8ஆம் பின்னில் (கம்பி மாட்டும் முனை) 8 ஓம் ஸ்பீக்கரை அப்படியே மாட்டிவிட்டு, "ரெசிஸ்டரெல்லாம் தேவையில்லை, பழைய ஆட்கள் சும்மா பயமுறுத்துவார்கள்" என்கிறார் ஒருவர். கீழே பிள்ளைகள் வரிசையாக "சூப்பர் அண்ணா" போட்டிருக்கிறார்கள். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 5 வோல்ட்டை 8 ஓமால் வகுத்தால் 625 மில்லி ஆம்பியர். யூனோவின் மூளையான ஏடிமெகா328பி சிப்பின் ஒரு பின்னுக்கு டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) இருக்கும் உச்ச வரம்பு 40. நாற்பது! அதுவும் தாண்டினால் சிப் நிரந்தரமாகப் பழுதாகலாம் என்று எச்சரிக்கிற அட்டவணையில் இருக்கும் எண். கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒரு டீ காசுக்குக் கைநிறையக் கிடைக்கிறது. அதைப் போட என்ன கேடு?

சிப்_செல்வம்:
வீடியோ போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நானும் நேரடியாகத்தான் மாட்டுகிறேன், என் போர்டு இன்றுவரை ஓடுகிறது. 625 எங்கிருந்து வந்தது மணி சார்? பின்னுக்குள் சுவிட்ச்சாக இருக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டருக்கே சுமார் 25 ஓம் தடை உண்டு. 25உம் 8உம் 33. ஐந்தை 33ஆல் வகுங்கள், 150 வரும். 625 ஒருநாளும் வராது. டேட்டாஷீட் படித்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டுமே.

சால்டர்_மணி:
சரி, 150 என்றே வைத்துக்கொள்வோம். 150 பெரிதா, 40 பெரிதா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சிப்_செல்வம்:
முதலில் 625 எங்கே போனது, அதைச் சொல்லுங்கள். பிறகு 40க்கு வருகிறேன். சத்தம் எழுப்பும் ஆர்டுயினோ கட்டளையான டோன் ஃபங்ஷன் கொடுப்பது சதுர அலை. பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. சராசரி 75தான். என் மல்டிமீட்டரில் அதைவிடக் குறைவாகத்தான் காட்டுகிறது.

சால்டர்_மணி:
75உம் நாற்பதை விடப் பெரிது. கணக்கு உங்களுடையதுதான், என்னுடையதல்ல. இன்னொன்று, அந்த வரம்பு சராசரிக்குப் போட்டதே இல்லை. பாலத்தின் முன்னால் பத்து டன் என்று பலகை இருந்தால், முப்பது டன் லாரியை ஓட்டிவிட்டு அரை மணி நேரம் காலியாக விட்டேன், சராசரி சரியாக இருக்கிறது என்பீர்களா? மல்டிமீட்டரை மில்லி ஆம்பியர் நிலையில் வைத்து அளந்தால் மீட்டருக்குள் இருக்கும் ஷண்ட் என்ற சிறு தடையும் தொடரில் சேர்ந்து கரண்ட்டைக் குறைக்கும். டிசி நிலையில் அது காட்டுவதும் சராசரியைத்தான். ஸ்கோப் (அலையை வரைந்து காட்டும் கருவி) இருந்தால் பின்னில் வைத்துப் பாருங்கள்.

புதுசு_பாலா:
அண்ணா, என்னிடம் 100 ஓம், 220 ஓம் இரண்டும் இருக்கின்றன. எதைப் போடலாம்? கல்லூரி ப்ராஜெக்ட், வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும்.

சிப்_செல்வம்:
ஸ்கோப் வைத்துப் பார்த்தாகிவிட்டது. பின் மேலே போகும்போது 0.8 வோல்ட். எட்டால் வகுத்தால் 100. 625உம் இல்லை, 150உம் இல்லை. கரண்ட் ஏற ஏற அந்த மாஸ்ஃபெட்டே இறுக்கிப் பிடித்துவிடுகிறது. மணி சார் சொன்ன எண் ஆறு மடங்கு தப்பு. 7805 ரெகுலேட்டர் (5 வோல்ட் தரும் சிப்) சூட்டுக் கணக்கிலும் இவர் இப்படித்தான் ஊதிப் பெருக்கினார், பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

சால்டர்_மணி:
அந்த 7805 விவகாரத்தை ஏன் இழுக்கிறீர்கள்? 12 வோல்ட் கொடுத்து 5 எடுத்தால், அரை ஆம்பியருக்கு 3.5 வாட் சூடாக வீணாகும் என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டுகிறேன் என்று அன்று வீரம் பேசியது யார் என்பதும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

இப்போது உங்கள் ஸ்கோப்புக்கே வருவோம். 100 என்கிறீர்கள். நாற்பதைப் போல இரண்டரை மடங்கு. 5 வோல்ட் கொடுக்க வேண்டிய பின் 0.8 வோல்ட்டில் படுத்துக் கிடக்கிறது. மீதி 4.2 வோல்ட் எங்கே விழுகிறது? சிப்புக்குள். 4.2 வோல்ட், 100 மில்லி ஆம்பியர், 420 மில்லிவாட் சூடு, ஒரு சின்ன மாஸ்ஃபெட்டுக்குள்! டேட்டாஷீட் 20 மில்லி ஆம்பியரில்தான் குறைந்தது 4.2 வோல்ட் வெளியே தருவேன் என்கிறது. உங்கள் பின்னில் நிலைமை தலைகீழ். இதை ஆதாரம் என்று நீங்களே கொண்டுவந்து வைக்கிறீர்கள்.

ரதி_எம்பெடட்:
பாலா, 220 போடுங்கள். 220, 8, பின்னின் 25, எல்லாம் சேர்ந்து 253 ஓம், கரண்ட் சுமார் 20 மில்லி ஆம்பியர். 100 போட்டால் 37 வரை போகும், வரம்புக்கு உரசிக்கொண்டு நிற்கும். சத்தம் மெலிதாகத்தான் இருக்கும், ஸ்பீக்கருக்குப் போவது 3 மில்லிவாட்கூட இருக்காது. டோன் ஓடும்போது சிப்புக்குள் இருக்கும் டைமர் 2 அதற்குப் போய்விடும், அதனால் 3, 11 பின்களில் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றும் வசதி) வேலை செய்யாது. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லோரும் யூனோவோடு நிற்பதில்லை. ராஸ்பெர்ரி பை பிக்கோவில் இருக்கும் ஆர்பி2040 சிப்பில் ஒரு பின்னுக்கு அதிகபட்ச டிரைவ் அமைப்பே 12 மில்லி ஆம்பியர். யூனோ தாங்கியது என்று இதையே அங்கேயும் செய்யாதீர்கள்.

சிப்_செல்வம்:
ஆர்பி2040 பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே.

பழைய_ரேடியோ:
தம்பிமார்களே, 1977இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு டார்லிங்டன் டிரான்சிஸ்டர் (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஓட்டுவது) உட்கார்ந்திருக்கும். 1981 ஐபிஎம் பிசியில் 75477 என்று தனி டிரைவர் சிப். லாஜிக் சிப்பிலிருந்து நேரே ஸ்பீக்கருக்குக் கம்பி இழுக்க அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் செய்யவில்லை. ஒரு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடரில் போடுங்கள், டிசி போய் ஸ்பீக்கரின் கோனை ஒரு பக்கமாகத் தள்ளாது.

சிப்_செல்வம்:
கெப்பாசிட்டர் போட்டால் ரெசிஸ்டர் வேண்டாம் அல்லவா? ஐயாவே சொல்லிவிட்டார்.

சால்டர்_மணி:
ஐயா அப்படிச் சொல்லவே இல்லை. கெப்பாசிட்டர் டிசியைத்தான் நிறுத்தும். சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் கரண்ட் பாயத்தான் செய்யும். உங்கள் 33 ஓம் கணக்கிலேயே இரண்டு பக்கமும் 75 வரும். மறுபடியும் நாற்பதுக்கு மேல்! எந்தப் பக்கம் திரும்பினாலும் நாற்பதில்தான் முட்டுகிறீர்கள்.

சிப்_செல்வம்:
நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் 625இல் முட்டுகிறீர்கள். அந்த எண்ணை இன்னும் திருத்தவில்லை. என் போர்டு ஓடுகிறது, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சால்டர்_மணி:
ஓடும். நாளைக்கும் ஓடலாம். வரம்பைத் தாண்டினால் அந்த நொடியே புகை வரும் என்று யார் சொன்னது? பின் மெல்ல மெல்ல பலவீனமாகும், ஒருநாள் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்கும். அப்போது புரோகிராம் கோடில் தப்பு என்று அந்தப் பிள்ளைகள் இரவெல்லாம் தேடுவார்கள். குழிக்குள் பொருத்திய நீளச் சிப் என்றால் பிடுங்கிப் புதிது போடலாம். குளோன் (நகல்) போர்டுகள் பலவற்றில் சிப் பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது, மொத்தமும் குப்பை. வீட்டில் காசு கேட்டு வாங்கிய போர்டு அது. என் கோபம் அதற்குத்தான், உங்கள் போர்டுக்காக இல்லை. சத்தம் வேண்டுமென்றால் பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்றைப் போட்டு ஓட்டட்டும்.

பழைய_ரேடியோ:
மணி, பிசி547இன் கலெக்டர் காலில் பாயும் கரண்ட்டின் வரம்பு 100 மில்லி ஆம்பியர். 8 ஓம் ஸ்பீக்கரை அதில் நேரே மாட்டினால் நீங்கள் திட்டுகிற அதே தப்பைத்தான் அங்கே செய்கிறீர்கள். பிசி337 போடுங்கள், 800 வரை தாங்கும்.

சால்டர்_மணி:
ஸ்பீக்கரோடு தொடரில் 47 ஓம் போட்டால் 91தான் ஐயா. பிசி547 போதும். இத்தனை வருடமாக அப்படித்தான் போடுகிறேன்.

சிப்_செல்வம்:
இப்போது 100 வரம்பில் 91 ஓட்டலாமாம்! ரதி சொன்ன 37, 40க்கு உரசல் என்றால் 91 மட்டும் என்ன?

சால்டர்_மணி:
91, நூறுக்கு உள்ளே. உங்கள் 100, நாற்பதுக்கு வெளியே. உள்ளேயும் வெளியேயும் ஒன்றா?

ரதி_எம்பெடட்:
எதைப் போட்டாலும் ஸ்பீக்கருக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு போடுங்கள்.

பழைய_ரேடியோ:
டயோடு சரிதான் அம்மா. பிசி547க்கும் பிசி337க்கும் கால் வரிசை ஒன்றுதான், மாற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை. அப்புறம் ஏன் இந்தப் பிடிவாதம்?

சிப்_செல்வம்:
2என்2222 டிரான்சிஸ்டர் இரண்டையும் விட நல்லது.

பழைய_ரேடியோ:
அதன் கால் வரிசை வேறு. பழக்கத்தில் பிசி337 மாதிரியே மாட்டினால் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாதீர்கள்.

சிப்_செல்வம்:
உலகம் முழுக்க 2என்2222தான் போடுகிறார்கள் ஐயா. சரி, 625 பற்றி மணி சார் இன்னும் வாய் திறக்கவில்லை.

சால்டர்_மணி:
நாற்பது. அதைப் பற்றி நீங்கள்தான் வாய் திறக்கவில்லை. ஐயா, பிசி337 பற்றித் தனியாகப் பேசுவோம், பிசி547ஐ நான் விடுவதாக இல்லை.