கார்ன்பிளான்டர் நினைவுக்கல்லின் எழுத்து படத்தில் விழவில்லை, வழி சொல்லுங்கள்

அமெரிக்கப் பழங்குடிகளான செனெகா மக்களின் தலைவர் கார்ன்பிளான்டரின் நினைவுக்கல்லில் பொறித்திருப்பதைத் தமிழில் எழுதி வைக்க ஆசை. ஆனால் எடுத்த படம் ஒன்றில்கூட வரிகளை முழுசாகப் படிக்க முடியவில்லை.

இடம் பென்சில்வேனியாவின் வடக்கு ஓரம். 1836-இல் இறந்தவருக்கு அந்த மாநிலமே 1866-இல் வைத்த கல் இது, அப்புறம் கின்சுவா அணைக்காக அவர் நிலம் தண்ணீருக்குள் போக இருந்ததால் 1964-இல் கல்லறைகளோடு சேர்த்து மேட்டுக்கு மாற்றினார்கள். செனெகா நிலத்தைத் தொடமாட்டோம் என்று 1794-இல் ஒப்பந்தம் போட்ட அமெரிக்க அரசுதான் அந்த அணையையும் கட்டியது, நினைத்தாலே மனசு ஆறமாட்டேன் என்கிறது.

போன சனிக்கிழமை உச்சி வெயிலில் போனேன், கையில் ஐபோன் 13. விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படுகிற எழுத்து, படத்தில் வெறும் வெளுப்பாக இருக்கிறது. கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன், கான்ட்ராஸ்ட் ஏற்றினேன், பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்தேன், அந்த வெயிலில் அது எடுபடவே இல்லை. சாக்பீஸ் தூள், மாவு எதையும் பூசமாட்டேன். கல் கெடும், அதைவிட அது ஒரு சமாதி.

வரும் சனிக்கிழமை மறுபடி போகிறேன். கல்லில் எதையும் பூசாமல், பகலிலேயே அந்த எழுத்தைத் தெளிவாகப் படமெடுப்பது எப்படி?