சுத்தியல் பவளம் ஐந்து நாளாகச் சுருங்கிக் கிடக்கிறது – அவசரம்

நீலத்தொட்டி (சிங்கப்பூர்):
என் கடல்நீர்த் தொட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன் வாங்கிய உயிர்ப் பவளம், இரண்டு தலை. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து ஆடியது. இப்போது சுருங்கிவிட்டது. சிறிய தலையில் எலும்பின் விளிம்பு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அளவுகள் எல்லாம் சரி. மீன்கள் நலம். யாராவது சொல்லுங்கள்.

மலர்77:
"எல்லாம் சரி" என்பது ஓர் அளவா? எண்களைத் தாருங்கள். தொட்டி எத்தனை லிட்டர்? பழுப்புச் சளி, துர்நாற்றம் உண்டா? இருந்தால் மற்றதை விட்டுவிட்டு முதலில் அதைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். ஒரே இரவில் அடுத்த தலைக்குத் தாவிவிடும்.

அலைவாசி:
நீரோட்டம்தான். பம்ப் நேராக அடித்தால் சதை எலும்பில் உரசிக் கிழியும். என்னுடையதைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன், மறுநாளே விரிந்தது.

கடல்கிழவர்:
இந்தக் கேள்வியை மாதம் ஒருமுறை படிக்கிறேன், கேட்பவர் பெயர்தான் மாறுகிறது. வாங்கும் முன் படித்திருக்க வேண்டும் தம்பி. பாஸ்பேட் சுழியமாக இருக்கும், பட்டினி கிடக்கிறது. பாஸ்பேட் நீக்கியை வெளியே எடு.

நீலத்தொட்டி:
சளி இல்லை. 100 லிட்டர். காரத்தன்மை 9.5, கால்சியம் 480, மக்னீசியம் 1530, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05, உப்பு (நீரின் அடர்த்தியாக) 1.025, வெப்பம் 26.

அலைவாசி:
பாஸ்பேட் சுழியம் இல்லையே ஐயா. பம்ப் எந்தப் பக்கம் பார்க்கிறது?

முத்துநகர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சென்னையில் இந்தப் பவளம் என்ன விலை?

கடல்கிழவர்:
விலை இல்லை, வழக்கு உண்டு. கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணைதான்.

முத்துநகர்:
விலைதான் கேட்டேன், வகுப்பு அல்ல. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோன காலம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கிறது. அப்போது சட்டம் எங்கே போயிருந்தது?

கடல்கிழவர்:
வெட்டியதால்தான் பவளத்தையும் சட்டத்தில் சேர்த்தார்கள்.

முத்துநகர்:
அப்படியானால் சிங்கப்பூரில் மட்டும் எப்படி வளர்க்கிறார்கள்?

கடல்கிழவர்:
அனுமதிச் சீட்டோடு இறக்குமதி செய்கிறார்கள். சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தில் இரண்டாம் பட்டியல், முழுத் தடை அல்ல. இதற்கு மேல்...

மலர்77:
சட்டத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். நீலத்தொட்டி, கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை மூன்றும் ஏறியிருக்கின்றன. ஏதாவது மருந்து சேர்க்கிறீர்களா?

நீலத்தொட்டி:
எதுவும் சேர்ப்பதில்லை அக்கா.

மலர்77:
ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக எதை ஊற்றுகிறீர்கள்?

நீலத்தொட்டி:
கடையில் கலந்து விற்கும் உப்புநீர்தான். முன்பு மூடி இருந்ததால் அதிகம் குறையாது. வெயிலுக்காக மூடியை எடுத்து விசிறி வைத்துப் பத்து நாள் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் ஒன்றரை லிட்டர். எல்லோரும் செய்வதுதானே என்று எழுதவில்லை.

மலர்77:
ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. ஒன்றரை லிட்டரில் சுமார் 52 கிராம். பத்து நாளில் அரைக் கிலோவுக்கு மேல். லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டியது 40ஐத் தொட்டிருக்கும், அடர்த்தியில் சுமார் 1.030.

கடல்கிழவர்:
1.025 என்று எழுதியிருக்கிறாரே, படிக்கவில்லையா?

மலர்77:
படித்தேன். முள் ஆடும் பிளாஸ்டிக் அளவியா? முள்ளில் உப்புப் பொருக்குப் படிந்தால் கனத்து இறங்கி, குறைத்துக் காட்டும். கழுவி மறுபடி அளந்து பாருங்கள். அதிகம் என்றால் தினமும் இரண்டரை லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு உப்பில்லாத ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள், லிட்டருக்கு ஒரு கிராம் இறங்கும். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்காதீர்கள். இனி ஆவியாவதற்கும் ஆர்.ஓ. நீர் மட்டும்.

முத்துநகர்:
மீன்கள் நலம் என்றாரே?

மலர்77:
மீன் இதைத் தாங்கிக்கொள்ளும். பவளம்தான் முதலில் சொல்லும்.

நீலத்தொட்டி (ஆறு நாள் கழித்து):
முள்ளில் வெள்ளைப் பொருக்கு இருந்தது. கழுவிய பின் 1.030. இப்போது 1.026. பெரிய தலை பாதி விரிந்திருக்கிறது, சிறியது போய்விட்டது. நன்றி அக்கா.

அலைவாசி:
பம்பையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.