மீந்த பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் வாங்குவோம்

நம் ஊர்ச் சங்கத் தலைவர் மாமாவுக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

சாலை விபத்தில் தலையில் அடிபட்ட வடக்குத் தெருப் பையன் வீடு திரும்பிவிட்டான், பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டான் என்று பொருளாளர் அண்ணன் எழுதியிருந்ததைப் படித்து மனசு நிறைந்தது. அவனுக்காக நாம் திரட்டியதில் பாதிக்கு மேல் மீந்திருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டமே பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு மதுரையில் ஆன செலவுக்குத்தான் நம் பணம் தேவைப்பட்டது. மீந்ததைக் கோயில் முகப்பு விளக்குக்கும் விளையாட்டு விழாப் பரிசுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நல்ல காரியம்தான். ஆனாலும் ஒரு பிள்ளையின் தலைக்காகச் சேர்ந்த பணம் மற்றப் பிள்ளைகளின் தலையைக் காக்கப் போவதே முறை என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் இந்த நீண்ட மடல்.

காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு ரஸ்தா ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எக்ஸ்எல் வண்டியில் தாத்தா, முன்னால் இரண்டு பேரப்பிள்ளைகள், பின்னால் பையோடு ஒன்று. ஸ்கூட்டியில் அம்மாவுக்கு முன்னால் நின்றபடி ஒரு சின்னது. கொஞ்ச தூரத்தில் திருச்சி - ராமேஸ்வரம் சாலை வந்துவிடுகிறது. லாரியும் பஸ்ஸும் ஓடுகிற ரோடு அது. இதில் நாம் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. அப்படி உட்கார்ந்து போகும் பிள்ளைகளில் பலர், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள். வண்டி ஓட்டுவது நம் அப்பாக்கள். இதை ‘ஊர்க்காரர்கள் கவனமில்லாமல் இருக்கிறார்கள்’ என்று தள்ளி நின்று பேச நமக்கு உரிமை இல்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதே, நான்கு வயதைத் தாண்டிய எவரும் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் இல்லாமல் போகக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு 2022இல் தனி விதி வந்து, 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை ஹெல்மெட் வேண்டும், பிள்ளையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பெல்ட் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. கேள்விப்பட்டவர்களும் ‘அதெல்லாம் டவுனுக்கு, போலீஸ் நிற்கிற இடத்துக்கு’ என்று விட்டுவிடுகிறார்கள்.

நான் இருக்கும் சியாட்டிலில் ஒரு காலத்தில் இதே நிலைமைதான். அங்கே பிரச்சினை சைக்கிள். 1986இல் ஹார்பர்வியூ மருத்துவமனையைச் சேர்ந்த காயத் தடுப்பு ஆய்வு மையம் பெற்றோரையும் பள்ளிகளையும் கூட்டிக்கொண்டு ஓர் இயக்கம் தொடங்கியது. பிள்ளைகள் ஏன் ஹெல்மெட் போடுவதில்லை என்று முதலில் விசாரித்தார்கள். பெற்றோருக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியவர்களுக்கு விலை கட்டுப்படியாகவில்லை. வாங்கிக் கொடுத்தாலும் பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கழற்றிவிட்டார்கள். மூன்றுக்கும் சேர்த்தே வேலை செய்தார்கள்: மருத்துவர்கள் பெற்றோரிடம் பேசினார்கள், கடைகளில் விலைக் குறைப்புக் கூப்பன் செல்லுபடியானது, போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னப் பரிசு கிடைத்தது. 1987இல் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். 1992இல் நாற்பது பேர். அந்த ஐந்தே ஆண்டு காலத்தில் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபடும் பிள்ளைகளின் எண்ணிக்கை, கணக்கெடுத்த குடும்பங்களிடையே, மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை வியட்நாமுடையது. அங்கேயும் வீட்டுக்கு வீடு பைக், பைக்குக்கு மூன்று பேர். ஏஐபி ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கொடுத்தது. வெயிலுக்கு ஏற்ற எடை குறைந்த ஹெல்மெட்டைச் செய்ய லாப நோக்கில்லாத ஒரு தொழிற்சாலையையே நடத்தியது. 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலையிலும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்ததும் பெரியவர்கள் போடத் தொடங்கினார்கள். ஆனால் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் தலை மட்டும் வெறுந்தலையாகவே இருந்தது! ஹெல்மெட்டின் கனத்தில் பிள்ளையின் கழுத்து பழுதாகிவிடும் என்று ஒரு வதந்தி. மருத்துவர்கள் முன்வந்து மறுக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்கு ஹெல்மெட் இல்லையென்றால் ஓட்டும் பெரியவருக்கு அபராதம் என்று 2010இல்தான் வந்தது. இதே கழுத்துப் பேச்சை நம் ஊர் ஆத்தாக்களிடமும் நான் கேட்டிருக்கிறேன். பெரியவர் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்த்தால் அது கனம்தான், ஆடவும் செய்யும். பிள்ளைக்கென்று செய்ததில் அந்தப் பயம் வேண்டாம்.

அதனால் நான் கேட்பது, மேடை போட்டு, அமைச்சரை அழைத்து, வரிசையில் நிற்க வைத்து ஹெல்மெட் வழங்கும் விழா இல்லை. அப்படிக் கொடுத்தது பரணுக்குத்தான் போகும். பணத்தில் பாதியை ஹெல்மெட்டுக்கும் மீதியை அது தலையில் ஏறுவதற்கும் செலவிட வேண்டும்.

முதலில் அளவு. தையல்காரர் டேப்பைப் புருவத்துக்கு மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். ‘நாலாம் வகுப்புக்கு ஒரே சைஸ்’ என்று மொத்தமாக வாங்கினால் பாதி ஆடும், பாதி இறுக்கும். போட்டபின் புருவத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம். தாடைப் பட்டிக்குள் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். பட்டி மாட்டாத ஹெல்மெட் விழுந்த முதல் அடியிலேயே பறந்துவிடும். வாங்குவது ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக இருக்கட்டும். 2021 ஜூன் முதல் முத்திரை இல்லாததை விற்பதே குற்றம். போலி முத்திரையும் சந்தையில் உண்டு. முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, அந்த முத்திரையை வழங்கும் அரசு அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பார்த்துவிடலாம். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது, அதுவும் ஒரே ஒரு முறை. ஆகவே விழுந்த ஹெல்மெட்டை மாற்றிக் கொடுக்கக் கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும்.

அடுத்து, சின்ன விஷயம் என்று ஆண்கள் யாரும் யோசிக்காத ஒன்று. பெண் பிள்ளைகளுக்கு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டும் இரட்டைச் சடை. அதன் மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது. சடையைக் கழுத்தோரம் தாழ்த்திக் கட்டினால் போதும், ஆனால் பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியரிடம் அக்காமார் யாராவது பேசினால் நல்லது. பேன் பரவும் என்ற கவலையும் நியாயமானதே. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரை எழுதி, வகுப்பில் தனித்தனியாக மாட்ட ஒரு கம்பி ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தால் ஒருவருடையதை இன்னொருவர் போட மாட்டார்கள். வண்டியை விட்டு இறங்கியதும் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டும். ஹெல்மெட்டோடு மரத்திலும் கம்பியிலும் ஏறி விளையாடிய சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டி மாட்டிக் கழுத்து நெரிந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

அப்புறம் தாத்தாக்கள். அவர்கள் போடாமல் பிள்ளை மட்டும் போடாது. போட்டாலும், தாத்தா தலையில் அடிபட்டால் வண்டியோடு பிள்ளையும்தானே விழும்? பேரப்பிள்ளையை ஏற்றிவரும் ஒவ்வொருவருக்கும் சேர்த்தே வாங்குவோம். பைக் ஓட்டுபவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2008இல் வெளியிட்ட அறிக்கை, ஹெல்மெட்டால் தலைக்காயம் 69 விழுக்காடும் மரணம் 42 விழுக்காடும் குறைவதாகச் சொல்கிறது. அப்பாவிடம் போனில் பேசும்போது இதை நாம் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சங்கத்தின் சுற்றறிக்கையைவிட மகன் குரலுக்குத்தான் அங்கே மதிப்பு. ஒரு வண்டியில் மூன்று பிள்ளைகள் ஏறுவதை ஹெல்மெட் சரிசெய்துவிடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் அனுமதி. தூரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஷேர் ஆட்டோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று கோலாலம்பூர்ச் சித்தப்பா முன்பு கேட்டிருந்தார். அதையும் கையிலெடுக்கலாம்.

பணம் மிஞ்சினால் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன: பழைய வண்டிகளின் பின்சக்கரத்துக்குச் சேலை கார்டு போடுவது (பிள்ளைகளின் குதிகால் கம்பிகளுக்குள் மாட்டுவது அதனால் நிற்கும்), தெற்குத் தெருக் கைவிட்ட கிணற்றுக்குக் கம்பி வலை. ஊருணிப் படிக்கட்டு பெரிய வேலை, அதைத் தனியாகப் பேசுவோம்.

இந்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள் மாமா. பள்ளிப் பிள்ளைகள் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்க ஊரில் இருக்கும் ஒருவர் வேண்டும். பொங்கலுக்குப் போகிறவர்களில் நான்கு பேர் இரண்டு நாள் அளவெடுக்க முன்வந்தால் போதும். அவர்கள் இங்கேயே பெயர் கொடுங்கள். காரைக்குடிக் கடைகளில் மொத்த விலை விசாரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சியாட்டிலிலிருந்து உங்கள் தம்பி