மறுமொழி: ‘முன்னுரிமை விளைவு’ வேண்டாம்; முந்தொலி, பிந்தொலி எனக் கொள்வோம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம்.

> ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சற்று முன்பின்னாக வந்தால், முதலில் வந்த திசையே காதுக்குத் தெரிகிறது. இதை ‘முன்னுரிமை விளைவு’ என்றே வைத்துவிடலாமே?

ஆங்கிலத்தில் ‘precedence effect’ எனப்படும் இந்த விளைவுக்கு ஆசிரியை அம்மா சொன்ன இந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. முன்னுரிமை என்பது ஒருவர் பார்த்து மற்றவருக்குத் தருவது. குடும்ப அட்டையில் அந்தச் சொல் அப்படித்தான் நிற்கிறது. இங்கே ஒலி முந்தி வந்தது, அதனால் வென்றது. முந்தியதைச் சொல் காட்டட்டும்.

பழனி ஐயா ‘முன்னொலி’ என்றார். வேறு துறையாக இருந்தால் நான் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன். ‘முன்’ காலத்தையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையே ஆராயும் துறையில் இந்த இரட்டைப் பொருள் பெரிய தொல்லை. ‘முன்னொலி இடப்புறமிருந்து வந்தது’ என்று எழுதினால், முன்புறமா இடப்புறமா என்று படிப்பவர் திகைப்பார். ‘முந்து’ என்ற வினையில் அந்தக் குழப்பம் இல்லை. முந்தி வருவது முந்தொலி, பிந்தி வருவது பிந்தொலி: இரண்டும் வினைத்தொகை, இரண்டும் ஒரே ஓசையில் வாயில் புரள்கின்றன, ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக நினைவுக்கு வரும்.

‘பிந்தொலி எதற்கு, எதிரொலி இருக்கிறதே’ என்றும் ஒருவர் கேட்டிருந்தார். என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கொடைக்கானலில் எதிரொலிப் பாறைக்குப் போய்க் கூவினால், கூவல் முடிந்தபின் பள்ளத்தாக்கு திருப்பிக் கூவுகிறது. அது எதிரொலி, தனியாகக் கேட்டது. அதே ஆள் வீட்டுக்குள் பேசும்போதும் சுவர்கள் ஒவ்வொன்றும் குரலைத் திருப்பி அனுப்புகின்றன, சில மில்லிவிநாடிகளுக்குள். அவற்றை யாரும் தனித்துக் கேட்பதில்லை. கேளாத ஒன்றை எதிரொலி என்று அழைப்பது எப்படிச் சரியாகும்? பிந்தி வந்த ஒலி பிந்தொலி. மூளை அதைப் பிரித்துக் கேட்கும்போதுதான் அது எதிரொலி ஆகிறது.

எதிரொலி தனியே கேட்கச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஒலி திரும்பி வரப் பத்தில் ஒரு விநாடி ஆக வேண்டும் என்று பள்ளிப் பாடம் கணக்குச் சொல்லி, காதில் ஒலி சற்று நேரம் தங்கிவிடுவதே காரணம் என்கிறது. இதைப் படிக்கும் பிள்ளை காதை மந்தமான கருவி என்று எண்ணிக்கொள்ளும். உண்மை நேர்மாறானது. இடையில் இரண்டு மூன்று மில்லிவிநாடி ஒலி அறுந்தாலே நமக்குத் தெரிகிறது. ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேர வேறுபாடு மிஞ்சினால் 0.7 மில்லிவிநாடி, அதிலும் நூறில் ஒரு மில்லிவிநாடி மாற்றம்கூடத் திசை மாற்றமாகத் தென்படுகிறது. இவ்வளவு கூர்மையான புலன் சுவரின் ஒலியைத் தவறவிடுவதில்லை. மூளை அதை வாங்கி, முந்தொலியோடு சேர்த்து, திசையை மட்டும் முந்தொலியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பிந்தொலி வீணாவதும் இல்லை. குரலுக்குப் பருமன் கூட்டுகிறது, அறை எவ்வளவு பெரியது என்று சொல்கிறது. அதனால்தான், பிந்தொலியை மூளை அடக்கிவிடுவதுபோல் காட்டும் ‘எதிரொலி ஒடுக்கம்’ என்ற மற்றொரு பரிந்துரையையும் விட்டுவிடச் சொல்கிறேன்.

பிறந்த குழந்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒலி வந்தால் அங்கே தலையைத் திருப்பும். முந்தொலி ஒரு பக்கமும் பிந்தொலி மறுபக்கமுமாக வந்தால் திருப்புவதில்லை. சில மாதங்கள் வளர்ந்தபின்பே திருப்புகிறது. மூளை முதிர்ந்து செய்யும் வேலை இது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

1949இல் வாலக், நியூமன், ரோசன்ஸ்வைக் மூவரும் இந்த விளைவுக்கு ஆங்கிலப் பெயர் இட்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் பேச்சொலியை வைத்து அளந்தார். பிந்தொலி ஏறத்தாழ 10 டெசிபல் ஓங்கி ஒலித்தாலும், சுமார் 5 முதல் 30 மில்லிவிநாடி பிந்தியிருந்தால் அது தனி ஒலியாக உறுத்துவதில்லை என்று கண்டார்.

இந்தச் சொற்கள் எனக்கு இப்போதே தேவைப்படுகின்றன. மலைக் கிராமத் திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் இளைஞர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் கூட்டம் சரிவில் நீளமாக உட்காரும். மேடையிலிருந்து 34 மீட்டர் கீழே இரண்டாவது ஸ்பீக்கர் பெட்டி வைத்தால், கம்பி வழியாக அங்கே ஒலி உடனே வந்துவிடும். மேடை ஒலி காற்றில் வரப் பத்தில் ஒரு விநாடி ஆகும். பெட்டி முந்தொலி ஆகிவிடுவதால், அருகில் இருப்பவருக்குப் பேச்சு பெட்டியிலிருந்து வரும். மேடைக் குரல் எதிரொலியாகக் குழப்பும். பெட்டியை 100 மில்லிவிநாடி தாமதப்படுத்தி, மேலும் 10 அல்லது 15 கூட்டினால் மேடை மீண்டும் முந்தொலி ஆகிறது. பெட்டி உரக்க ஒலித்தும் பேச்சு மேடையிலிருந்தே வருகிறது. (குளிரும் கணக்கில் உண்டு. 30 டிகிரி வெயிலில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் ஓடும். 5 டிகிரிப் பனியில் 334. இந்தத் தொலைவுக்கு நாலைந்து மில்லிவிநாடிதான், கூட்டிய நேரத்துக்குள் அடங்கிவிடும்.) இதை ‘முன்னுரிமை’யை வைத்து எழுதிப் பார்த்தேன்; வாக்கியம் முறுக்கிக்கொள்கிறது.

ஆகவே: மொத்த நிகழ்வு முந்தொலி விளைவு. இரண்டும் ஒன்றாகக் கேட்பது ஒலியிணைவு. திசையை முந்தொலி தீர்மானிப்பது முந்தொலித் திசையாட்சி. பிந்தொலி பிரிந்து கேட்கத் தொடங்கும் நேரம் எதிரொலி எல்லை. ‘டக்’ என்ற ஒலிக்கு அது 5 மில்லிவிநாடி அளவு, பேச்சுக்கு 30 முதல் 50, இசைக்கு இன்னும் நீளும்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. முந்தொலியும் பிந்தொலியுமான ஒரே இணை திரும்பத் திரும்ப ஒலித்தால் எதிரொலி எல்லை நீள்கிறது. திடீரென்று இரு பக்கங்களையும் மாற்றிப்போட்டால் சுருங்கி, பிந்தொலி சிறிது நேரம் தனியே கேட்கிறது. ‘செவிப்பழக்கம்’ என்று எழுதினால் பழி மறுபடியும் காதின்மேல் விழுகிறது. ஆசிரியை அம்மாவும் பழனி ஐயாவும் இதற்கு ஒரு சொல் தர வேண்டுகிறேன்.

அன்புடன்,
கொடைக்கானலிலிருந்து