நிலக்கரி பாய்லரில் கடலைத்தோல் பிரிக்கெட் போடலாமா?

கேள்வி (நூல்கண்டு):
திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை. மணிக்கு 3 டன் நீராவி தரும் பாய்லர், இந்தோனேசிய நிலக்கரியில் ஓடுகிறது. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி கார்பன் கணக்குக் கேட்கிறது. பிரிக்கெட்டா (கடலைத்தோலை அழுத்திச் செய்த எரிகட்டி), உமியா, கரண்ட் பாய்லரா?

மின்னல்:
கரண்டை மறந்துவிடுங்கள். 3 டன் நீராவிக்குக் கிட்டத்தட்ட 2 மெகாவாட் வேண்டும். கிரிட்டில் வருவதிலும் பாதிக்கு மேல் நிலக்கரிக் கரண்ட்தானே!

கரிக்கை:
நான் பாய்லர் ஆப்பரேட்டர். உமி மலிவுதான், ஆனால் சாம்பல் மட்டும் 20% வரை தங்கும். அதில் பெரும்பகுதி சிலிகா, குழாயை அரம் மாதிரி தேய்த்துவிடும். கடலைத்தோல் பிரிக்கெட் பரவாயில்லை. நிலக்கரி கிலோவுக்கு 5000 கிலோகலோரி என்றால் இது சுமார் 4000. ஒரு டன் நிலக்கரிக்குப் பதில் ஒன்றேகால் டன் பிடிக்கும், விலையை அப்படிக் கணக்குப் போடுங்கள். லோடு இறக்கும்முன் ஒன்றைக் கையால் உடைத்துப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் திருப்பி அனுப்புங்கள். மண் கலப்பார்கள், அதனால் ஒரு கிலோவை எரித்துச் சாம்பலை எடைபோட்டுப் பாருங்கள். மழையில் நனைந்தால் தூள்தான், ஷெட் கட்டாயம். தீயை முறுக்காதீர்கள், பொட்டாஷ் சாம்பல் உருகி, எரிபொருள் தாங்கும் கிரேட் கம்பிகளில் கிளிங்கர் என்ற கெட்டிக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

நூல்கண்டு:
சரி, சீமைக் கருவேலம்?

கரிக்கை:
தாராளமாக. நன்றாகக் காய்ந்ததாக வாங்குங்கள். பச்சை விறகு என்றால் தண்ணீரைக் காயவைக்கவே நிறையச் சூடு போய்விடும். எடைக்காக நனைத்துக் கொண்டுவரும் லாரிகளும் உண்டு.