கம்ப்யூட்டர் பாட்டில் இரைச்சல்: ஆப்டிகல் டாக் (DAC) பாவிப்பவர்கள் உண்டா?

நண்பர்களே, ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டால் பின்னால் ஒரு இரைச்சல். மவுஸை அசைத்தால் கீச்சிடுகிறது, கேம் திறந்தால் இன்னும் மோசம். ஹெட்போனில் இல்லை, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வழியாகக் கேட்டால் மட்டும்தான். அதனால் கிரவுண்ட் லூப் (கம்ப்யூட்டரும் ஆம்பும் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் கிரவுண்டோடு சேர்வதால் வரும் இரைச்சல்) என்றே நினைக்கிறேன்.

யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டி) வாங்கச் சொல்கிறார்கள். ஆனால் யூஎஸ்பி வயரும் கிரவுண்டைச் சேர்த்தே கொண்டுபோகுமே? ஆப்டிகல் வயரில் வெளிச்சம் மட்டும்தான் போகும், மின்தொடர்பே இல்லை. என் மதர்போர்டில் அந்த வாய் இருக்கிறது. சிடியிலிருந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் (FLAC, தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல்) பாட்டுகளுக்கு அது தாராளம். ஆப்டிகல் உள்ள டாக் யாராவது பாவிக்கிறீர்களா? கொழும்புக்குப் போகாமல் கண்டியில் கிடைக்குமா? அப்புறம், எர்த் வயரைக் கழற்றச் சொல்லாதீர்கள். அந்த ஆபத்து வேண்டாம்.